ஒரு மணி நேரப் பறப்பு

அப்பாவுக்குக் கொள்ளி வைக்க நான் போகவில்லை. விமானத்தில் இடமில்லை என்று சொன்னேன். பொய்! இடம் இருந்தது.

யுத்த காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. நான் இருந்த கொழும்பில், இரத்மலானையில் ஏறினால் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஒரு மணி நேரம்தான். ஊரில் அப்பா படுக்கையில் விழுந்ததுமே போய்வர அனுமதி எடுத்து வைத்திருந்தேன். இன்று, நாளை என்று கடத்தினேன்... ஏன் தெரியுமா? விமானத்தை வானத்தில் வைத்தே சுட்டுவிடுவார்கள் என்ற பயம். பயந்தாங்கொள்ளி என்று வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம்.

அப்பா போய்விட்ட செய்தி வந்த காலையில் லண்டனிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தான். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, நாடு திரும்ப வழியில்லாமல் இருந்தவன்.

"விட்டா இப்பவே ஏறிடுவன், அண்ணா. இஞ்சயிருந்து பதினொரு மணித்தியாலம். உனக்கு ஒரு மணித்தியாலம்தானே... எனக்காகவும் பார்த்திட்டு வா."

ஓம் என்றேன்.

வெள்ளவத்தையில் டிக்கெட் போடும் இடத்துக்குப் போனேன். நாளைக் காலை இடம் இருக்கிறது என்று சொல்லி, அங்கே இருந்த பிள்ளை என் பெயரைக் கேட்டாள். என் பெயர்! அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்துத் தொலைபேசிக் கடையிலிருந்து அம்மாவுக்கு எடுத்தேன். இடமில்லையாம் என்றேன். இன்னும் ஒரு நாள் பிரேதத்தை வைத்துப் பார்க்கலாம் என்றார் அம்மா. அடுத்த கிழமைதான் கிடைக்கும் என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை... நானா அது? சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து அம்மா தனியாகவே கொழும்புக்குப் பறந்து வந்தார். என் அறையில் தேத்தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னார்.

"இஞ்ச கொழும்பு, கொட்டாஞ்சேனையிலயிருந்து அப்பான்ர கூட்டாளி செத்தவீட்டுக்கு வந்தவர், மோனை. அண்டைக்குக் காலமைப் பிளேனிலதான். பக்கத்துச் சீட் சும்மா கிடந்ததாம்."

கடலோரம் ரயில் போனது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும்! கொழும்புக்கு வரும் முன்பே தெரியும்! ஏசுவார், அழுவார் என்று காத்திருந்தேன். அவரோ தேத்தண்ணீரை முழுவதும் குடித்து முடித்தார்.

அப்போதுதான் தம்பியின் அழைப்பு வந்தது, அம்மா எடுத்தார். அண்ணா ஏன் போகவில்லை என்று கேட்டிருப்பான் போலும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"கொண்ணர் என்ன செய்யிறது? இடம் கிடைக்கேல்ல."

வாழ்நாளில் பொய் பேசாத மனுஷி! என் பொய்யைத் தன் வாயால் சொன்னார். அதன் பிறகு அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் கதைக்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேனே...

அம்மாவும் போய்விட்டார். தம்பி இன்றைக்கும் அம்மா சொன்னதை நம்புகிறான். பாவம் அண்ணா, இடம் கிடைக்காமல் எவ்வளவு துடித்திருப்பான் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறானாம். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொன்னால் அம்மாவும் பொய்க்காரியாகிவிடுவாரே!