கூப்பிட ஆளில்லாத பெயர்

முட்டாள்களில் பல ரகம் உண்டு. உரக்கடையில் பில் போடுகிறவனுக்கு ரகம் பிரிக்கத் தெரியாமல் இருக்குமா? நான் படித்துக் கெட்ட ரகம். மகளுக்குப் பெயர் தேடியபோது ஓசை பார்த்தேன், பொருள் பார்த்தேன், பழமை பார்த்தேன், குடவாசல் வட்டாரத்தில் வேறு எவனாவது முந்திக்கொண்டிருக்கிறானா என்று விசாரித்தும் பார்த்தேன். அந்தப் பெயரைத் தினமும் வாயால் கூப்பிடப்போகிறவர்கள் யார் என்று மட்டும் யோசிக்கவில்லை. கோயில் கோபுரம் மாதிரி பெயரைக் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்துபோன மேஸ்திரி நான்.

பெயர், மணிப்புனல்.

இது எங்கே கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இரண்டு பதில் உண்டு. அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத் திருவிழாப் பட்டிமன்றங்களில் தோற்கிற அணியின் கடைசிப் பேச்சாளராக நான் கொஞ்சம் பிரபலம். மேடையில் சொல்கிற பதில்: பழந்தமிழ் நூல்களைப் பல மாதம் புரட்டி, கண் வீங்கி, கடைசியில் கண்டெடுத்தேன். என் மனைவிக்குத் தெரிந்த பதில்: திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வாங்கிய பக்கோடாவைச் சுற்றியிருந்த காகிதம். ஏதோ ஓர் உரைநூலின் கிழிந்த தாள். சொல் மேலே தெளிவாக இருந்தது. பொருள் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் இருந்தது.

அதனால் பொருள் என் சொந்தத் தயாரிப்பு. மணி என்றால் பளிங்கு, புனல் என்றால் ஆற்றுநீர். பளிங்குபோலத் தெளிந்த ஆற்றுநீர். இதை என் மாமனாரிடம் விளக்கினேன். அவர் வாழ்நாள் முழுக்கக் குத்தகைக்கு உழுதவர். கொஞ்சநேரம் யோசித்தார்.

"தெளிஞ்ச தண்ணி வந்தா வயலுக்கு என்ன மாப்ள பிரயோசனம்? வண்டலோட கலங்கி வந்தாத்தானே பயிர் நிமிரும்."

இது கவிதை மாமா, வயலுக்கு இல்லை என்றேன். அப்படியானால் சரி என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பெயருக்குக் கிடைத்த முதல் விமர்சனமும் நியாயமான ஒரே விமர்சனமும் அதுதான்.

இவ்வளவு பெரிய பெயர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் யாருக்கும் முழுப்பெயர் கிடையாது. வைத்திருப்பார்கள், ஆனால் கிடையாது. என் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். அவர் பெயரில் அரை டஜன் எழுத்து உண்டு. பண்ணை வீட்டில் அதில் பாதிக்குமேல் செலவழிக்க மாட்டார்கள். வரப்பிலிருந்து கத்திக் கூப்பிட அவ்வளவு போதும் என்பது அவர்கள் சிக்கனம். கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் ஆட்களும் அதையே பழகிக்கொண்டார்கள். அப்பாவின் முழுப்பெயரை நான் முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்த அன்றைக்குத்தான். யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஆகவே என் மகளுக்கு யாரும் வெட்டமுடியாத பெயராக வைக்கத் தீர்மானித்தேன். வெட்டினால் பொருள் செத்துவிடும், அதனால் வெட்ட மாட்டார்கள் என்பது என் கணக்கு. எங்கள் தெரு ஒரே வாரத்தில் வெட்டியது. "மணி" என்றது.

இந்தப் பெயரின் புகழ் வரலாறு இங்கே தொடங்கி இங்கேயே முடிகிறது. தமிழ்நாட்டில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடி வைத்தேன். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மணியின் மேல்தான் விழவேண்டும். பஸ் கண்டக்டர் மணி, சைக்கிள் கடை மணி, கீழத்தெருவில் ஒருவர் வளர்த்த உழவு மாடு மணி. பள்ளிக்கூடத்தில் "மணி" என்று டீச்சர் கூப்பிட்டால் என் மகளோடு பையன்களும் எழுந்து நிற்பார்கள். இப்போது அவள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், அங்கேயும் மணிதான். முகம் பார்க்காமல் கடிதம் அனுப்புகிறவர்கள் திரு. மணி என்றே அனுப்புகிறார்களாம். சமீபத்தில் ஆசையோடு கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்தேன். நீங்கள் தேடுவது மணிப்பூரா என்று அது என்னிடம் மரியாதையாகக் கேட்டது.

போகட்டும். தெரு வெட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உண்மையான அடி என் அக்காவிடமிருந்து வந்தது. அதற்கும் காரணம் நான்தான்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைப்பது அப்பன் உரிமை. அதைக் குழந்தையின் காதில் முதலில் சொல்வது அத்தை உரிமை. அப்பனின் உரிமைக்கு ஒருவரும் மதிப்புக் கொடுப்பதில்லை. அத்தையின் உரிமைக்குப் பட்டுப்புடவை உண்டு. அக்கா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, குழந்தையின் காதை வெற்றிலையால் மறைத்துக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். பெயர் மறந்துவிட்டதோ என்று நான் முன்னால் போய், பட்டிமன்றக் குரலில், "மணிப்புனல்" என்று எடுத்துக்கொடுத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காதில் மும்முறை ஏதோ முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்தாள். எல்லோரும் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டோம்.

அவள் சொன்னது "தங்கம்" என்று பிறகுதான் தெரிந்தது.

ஏனென்றால் அக்காவின் புருஷன், என் மச்சான், அவர் பெயரும் மணி என்றுதான் தொடங்கும். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஊர் வழக்கம். பெயரின் துண்டுகூட நாக்கில் படக்கூடாது என்பது அக்கா அதற்குச் சேர்த்துக்கொண்ட திருத்தம். கல்யாணமான நாளிலிருந்து அவள் "மணி என்ன ஆச்சு" என்று கேட்டதில்லை; "நேரம் என்ன ஆச்சு" என்பாள். கோயில் மணி அடித்தால் "கோயில்ல அடிச்சாச்சு". மணியார்டர் என்பது அவளுக்கு "தபால்காரர் கொண்டாந்தது". இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும், அகராதியில் லட்சம் சொல் இருக்க, அவள் உயிரே போனாலும் சொல்லமாட்டாத அந்த ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து, அதைச் சொல்லவேண்டிய பொறுப்பையும் அவளிடமே கொடுத்தவன் நான். என் மனைவி குழந்தையைப் பாப்பா என்பாள். அக்கா தங்கம் என்பாள். தெரு மணி என்றது. மணிப்புனல் என்று கூப்பிட நான் ஒருவன்தான் இருந்தேன். நான் கூப்பிட்டால் குழந்தை திரும்பாது.

இப்படி இருக்கையில் நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு அடையாளமாகக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கூண்டு முளைத்தது. உள்ளே ஒரு டெலிபோன், தலைக்குமேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், வெளியே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று மஞ்சள் போர்டு. கதவு திறந்தது உள்ளே வருவதற்கு என்று நாங்கள் நினைத்தோம். ஊரில் கைகால் நன்றாக இருந்தவர்களெல்லாம் அந்தக் கதவு வழியாக வெளியே போனார்கள். மச்சானும் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்.

அங்கே அவர்கள் தங்கியிருந்த இடத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு போன். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் எடுப்பார், யார் வேண்டும் என்று கேட்பார். இங்கேதான் அக்காவுக்குச் சிக்கல். "எங்க வீட்டுக்காரரு" என்றால் எடுத்தவன் சிரித்தான். "குடவாசல்காரரு" என்றால் வேறு யாரோ வந்து பேசினார். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளைக் கூட்டிப்போய் ஸ்டூலில் ஏற்றி நிறுத்துவாள். போனை யாராவது எடுத்ததும், பெண் தன் பெயரில் பாதியையும் மாமாவின் மீதிப் பெயரையும் ஒட்டி, இனிஷியலோடு, வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல முழங்குவாள். மாமா வந்ததும் ரிசீவர் கை மாறும். கூலி தேன்மிட்டாய். நான் பக்கோடாக் காகிதத்திலிருந்து மீட்டெடுத்த பழந்தமிழ்ச் சொல் இந்த உலகத்தில் எதற்காவது பயன்பட்டது என்றால், அதன் முன்பாதி அந்தக் கூண்டுக்குள் பயன்பட்டது.

பிறகு ஒரு சமயம் மச்சானிடமிருந்து தகவல் நின்றது. கூண்டிலிருந்து போட்டால் ஆள் வெளியே போயிருக்கிறார் என்றார்கள், கடிதமும் இல்லை. முதலில் அக்கா வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்த மன்னார்குடிப் பக்கத்து ஆள் ஒருவர், மச்சான் வேலை பார்த்த கம்பெனியையே மூடிவிட்டார்கள், ஆட்களில் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாகக் கேள்வி என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் ஞாயிறு. காலையிலேயே வந்து நின்றாள். என் மகளோ தேர் பார்க்கத் தாய்மாமன் வீட்டுக்கு மன்னார்குடி போயிருந்தாள்.

நான் வருகிறேன் என்று மொபெட்டை எடுத்தேன். மச்சான் பெயரைச் சொல்ல எனக்கென்ன தடை? மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவன் ஒரு போனில் ஒரு பெயரைச் சொல்லமாட்டேனா? அக்கா பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வழிநெடுக நான்தான் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன், ஒன்றும் ஆகியிருக்காது, சிங்கப்பூர் சட்டம் ஒழுங்கான இடம் என்று. போலீஸ் பிடித்திருப்பார்களோ என்று பயப்படுகிறவளிடம் சொல்லவேண்டிய வார்த்தை.

கூண்டுக்குள் இருவரும் நெருக்கி நின்றோம். கடைக்காரர் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார். மணி அடித்தது, அக்கா மொழியில் சொன்னால் "அங்கே அடித்தது". யாரோ எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டார். அக்கா ரிசீவரை என் கையில் திணித்தாள். மீட்டரில் சிவப்பு எண்கள் குதித்தன. நான் வாயைத் திறந்தேன்.

"மச்சான் இருக்காரா?"

எந்த மச்சான் என்றார் அவர். அங்கே இருந்த எல்லோரும் யாருக்காவது மச்சான்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் வாழ்நாளில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மரியாதைக்காரத் தம்பி. பெயர் மனசில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்து நெரித்தாள். நான் திக்கித் திணறி, மணி, மணி என்று ஆரம்பித்து, தெளிவாக, கணீரென்று, "மணிப்புனல்" என்றேன்.

"இங்க லேடீஸ் யாரும் இல்லண்ணே" என்று எடுத்தவர் வைத்துவிட்டார்.

கடல் கடந்து என் மகளின் முழுப்பெயர் ஒலித்த முதல் தடவை அது. பெருமைப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அக்கா என்னைக் கூண்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, திரும்பப் போடச்சொல்லிக் கடைக்காரருக்குக் கை காட்டினாள். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. அதனால் கடைத்தெருவே கேட்டது. இனிஷியலோடு, ஊர்ப் பெயரோடு, ஓர் எழுத்துக்கூடச் சிந்தாமல் புருஷன் பெயரைச் சொன்னாள். எதிரே பூக்கடையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்றைக்கு என்னால் சொல்ல முடியாததை இன்றைக்கு எழுதி என்ன ஆகப்போகிறது?

எடுத்தவருக்கு மச்சானைத் தெரிந்திருந்தது. ஆனால் மச்சான் போனுக்கு வர ரொம்ப நேரமானது. நடந்ததை அவரே பின்னால் சொல்லிச் சிரித்தார். கம்பெனி மூடியது உண்மைதான். அவரையும் இன்னும் சிலரையும் வேறு கம்பெனியில் சேர்ப்பதாகச் சொல்லி அதே இடத்தில் காக்கவைத்திருந்தார்கள். ஒரு முடிவு தெரியாமல் வீட்டுக்கு என்ன சொல்வது என்று, சின்னப்பெண் குரல் கேட்டால் வெளியே போயிருப்பதாகச் சொல்லச்சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். உன்னைப் பேர் சொல்லி ஒரு பொம்பளை கேட்கிறாள் என்று வந்து சொன்னதும் அவருக்குக் குலை நடுங்கிவிட்டதாம். பேர் சொல்லிக் கேட்டால் அது நிச்சயம் தன் பெண்டாட்டி இல்லை. ஏதோ ஆபீஸ்காரி, வேலை அனுமதிப் பேப்பரைக் காட்டு என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று முடிவு கட்டி, குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குடவாசல் பேச்சு மாதிரி இருக்கிறது, அழுகிற குரல் என்று அந்த ஆள் கதவைத் தட்டிச் சொன்ன பிறகுதான் வெளியே வந்திருக்கிறார்.

வந்து ஹலோ சொன்னதும் அக்கா திட்டத் தொடங்கினாள். திட்டு முழுக்க "ஏங்க", "என்னங்க" என்று மரியாதையாகவே ஓடியது. மீட்டர் எவ்வளவு ஓடியது என்று நான் பார்க்கவில்லை, கடைக்காரர் பார்த்துக்கொண்டார். ரிசீவரை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒரு புத்திசாலி அப்போது வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்திருப்பான். எனக்கோ அது பட்டிமன்றத்தில் எதிரணி சறுக்கிய நேரம்போலத் தெரிந்தது. இவ்வளவு வருஷம் கழித்து என் கட்சி ஜெயிக்க ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மொபெட்டை மிதித்தபடியே கேட்டேன்.

"அக்கா, மச்சான் பேரையே சொல்லிட்ட. வானம் ஒண்ணும் இடிஞ்சு விழுந்திடல. இனிமேலாவது என் பொண்ணை மணிப்புனல்னு ஒரு தடவை வாய் நிறையக் கூப்பிடேன்."

அக்கா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, புடவையைச் சக்கரத்தில் படாமல் இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"உன் மவ ஒண்ணும் காணாமப் போயிடலியே."