மொட்டைக்குக் கிடைத்த இடம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா, கதவோரம் நின்றார். ரயில்வே கேட்டுக்காரர், வீட்டிலும் நின்றுகொண்டுதான் இருப்பார். அம்மா, அடுப்புக்கு முன்னால். மாமா, அம்மாவின் தம்பி, கிள்ளானிலிருந்து ரயிலில் வந்தவர், இருந்த ஒரே பாயில் அகலமாக. தங்கை, தூளியில். நான், பாயில் மாமா மிச்சம் வைத்த இடத்தில். வாசலில் எங்கள் ஆடு. அதற்கும் இதில் பங்கு உண்டு, பிறகு சொல்கிறேன்.

பேச்சு என்னைப் பற்றி. எந்தப் பள்ளிக்கூடம் என்று.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னாலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரு வாத்தியார். யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார். அம்மா கூப்பிட்டால் காது கேட்கும் தூரம். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஓட்டுக் கட்டடம். எல்லாரையும் சேர்க்க மாட்டார்கள். எங்கள் லயத்திலிருந்து அதுவரை ஒருவனும் போனதில்லை.

"தண்டவாளத்தத் தாண்டி எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றாள் அம்மா. "போன மாசம் மாடு அடிபட்டுச்சே, பாத்தேன்ல."

மாமா சிரித்தார். "தண்டவாளத்துக்குக் காவலே ஒம் புருசந்தானக்கா. அவரு மேலயே நம்பிக்கை இல்லியா?"

"மாடு அவரக் கேட்டுட்டா போச்சு?"

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று பேசியது ஒன்றே ஒன்று.

"மழைல நனையாத வேலைக்கு இவன் போவணும்."

அப்பா மழையில் நின்று கொடி பிடிக்கிறவர். இங்கிலீஷ் தெரிந்த கிராணிகள் ஸ்டேஷனில் கூரைக்குள் உட்கார்ந்து எழுதுவார்கள். அப்பா தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கும் அது தெரியும். அடுப்பை ஊதினாள்.

ஆனால் அம்மா பக்கம் ஒரு சாட்சி இருந்தது. என் கை.

எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி கிடையாது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது வந்துவிட்டது. தொடாவிட்டால் அடுத்த வருஷம். மாமா என்னை எழுப்பி நிறுத்தித் தொடச் சொன்னார். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எட்டல. பாத்தியா?" என்றாள் அம்மா. முகத்தில் சந்தோஷம்.

மாமா என் தலையைத் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். எனக்கு அப்போது முடி அதிகம். பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி. தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகனுக்கு இறக்குவதாக அம்மா நேர்ந்துகொண்டது. அதை உச்சியில் சுருட்டிக் கட்டியிருப்பாள்.

"கைல கொற இல்லக்கா" என்றார் மாமா. "முடிதான் வழிய மறிக்குது."

அது கேலி என்று நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் விடியும்போதே அப்பா கேட்டுக்குப் போய்விட்டார். அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். மாமா அப்பாவின் சவரக் கத்தியை எடுத்து என்னை வாசலில் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்மா குடத்தோடு திரும்பியபோது பாதித் தலை முடிந்திருந்தது. கீழே விழுந்த முடியில் கொஞ்சத்தை ஆடு தின்றுகொண்டிருந்தது.

"பாவி! அந்த முடி யாருக்கு நேந்ததுன்னு தெரியுமாடா ஒனக்கு?"

"தைப்பூசத்துக்குள்ள கொஞ்சம் மொளச்சிரும்க்கா. முருகன் கோச்சுக்க மாட்டாரு. பள்ளிக்கூடத்துல எடம் மொளைக்குமா?"

"சாமி முடிய ஆடு திங்குது, வெளக்கம் வேற சொல்றான்."

ஈரத் துணியால் மாமா முதுகில் நாலு அடி வைத்தாள். பாதி மொட்டையோடு என்னை விட முடியாது. மீதியையும் எடுக்கச் சொல்லிவிட்டு, கிடந்த முடியைப் பொறுக்கித் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு அவளே என் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே போட்டுப் பார்த்தாள். விரல் காதைத் தொட்டது. பெருமூச்சு விட்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் அப்பிவிட்டாள்.

மாமா என்னைப் பாசார்ச் சந்தைப் பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். அங்கே எனக்குத் தோசை வாங்கிக் கொடுத்தார். அதனால் கேட்டு வழியாகப் போகவில்லை. அன்று காலை நான் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு வாத்தியார் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, நெற்றியில் திருநீறு. மாமா சொல்வதற்கு முன்பே நான் கையைத் தூக்கிக் காதைத் தொட்டுக் காட்டினேன். வாத்தியார் தலையை ஆட்டினார்.

"காது எட்டுது. ஆனா இடம் இல்லையே. ஒரு வாங்கில ஆறு பேர்தான் இருக்கலாம். எல்லா வாங்கும் நிரம்பிட்டுது. வாற வருஷம் கூட்டிக்கொண்டு வாரும்."

வாங்கு என்று அவர் காட்டியது பெஞ்சியை. மாமா கெஞ்சினார். கிள்ளானிலிருந்து ஒரு நாள் லீவு போட்டு வந்ததைச் சொன்னார். பையன் ஒல்லி, பாதி இடம் போதும் என்றார். வாத்தியார் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பார்வை என் தலையில் நின்றது. வேர்வையில் சந்தனம் கரைந்து போயிருந்த புது மொட்டை. கூட வந்தவர் அப்பா இல்லை, மாமா. அவருக்கு ஏதோ புரிந்த மாதிரி முகம் மாறியது. எங்கள் ஆட்களில் இந்த வயதுப் பையனுக்குத் திடீரென்று எதற்கு மொட்டை அடிப்பார்கள் என்பது அவருக்கும் தெரிந்ததுதானே.

குனிந்து என் தலையில் கையை வைத்தார். குரலை இறக்கி மாமாவிடம் கேட்டார்.

"தகப்பனோ?"

மாமா வாய் ஓயாத மனிதர். அப்போதுதான் அவர் பேசாமல் நின்று நான் பார்த்தேன். தரையைப் பார்த்தார். அவ்வளவுதான். பின்னால் எத்தனையோ தடவை அம்மா திட்டியபோதும், "நான் வாயே தொறக்கலியே" என்றுதான் சொன்னார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. காலையில் அப்பாவைக் காணவில்லை. எனக்கு மொட்டை அடித்தார்கள். அம்மா அழுகிற மாதிரி கத்தினாள். மாமா தோசை வாங்கிக் கொடுத்தார், ஒருநாளும் வாங்கித் தராதவர். அப்பா செத்துப்போய்விட்டார், என்னிடம் சொல்லாமல் இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். நான் வீறிட்டு அழுதேன். வராந்தாவில் உருண்டேன்.

வாத்தியார் என்னைத் தூக்கிக்கொண்டார். வகுப்புக்குள் போய் முதல் பெஞ்சியில் இருந்த பையன்களிடம் சொன்னார்.

"கொஞ்சம் அரக்கி இருங்கோடா. அப்பன் இல்லாத பிள்ளை."

அவர்கள் நகர்ந்தார்கள். ஓரத்தில் எனக்கு ஒரு சாண் இடம் வந்தது. அழுதுகொண்டே உட்கார்ந்தேன். மாமா போய்விட்டார்.

பள்ளி விட்டதும் தண்டவாளத்தைப் பார்த்து ஓடினேன். அப்பா கேட்டில் பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். காலைக் கட்டிக்கொண்டேன்.

"அப்பா, நீ சாவலியா?"

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார்.

"இல்ல. ட்யூட்டில இருக்கேன்."

அதற்கு முன்பே மாமா கிள்ளான் ரயிலில் திரும்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "எடம் கெடச்சிருச்சு மச்சான்!" என்று கத்தியிருக்கிறார். எப்படிக் கிடைத்தது என்று சொல்வதற்குள் ரயில் போய்விட்டது. அதை நான்தான் சொன்னேன். அப்பா கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அம்மாதான் சாயங்காலம் சொன்னாள்.

"எம் பொட்ட அழிச்சுத்தான் எம்புள்ள படிக்கணுமா? அந்த வாத்தியாரு நாளைக்கு என்னப் பாசார்ல பாத்தா நான் நெத்திய எங்க கொண்டுபோயி ஒளிப்பேன்?"

"நாளைக்குச் சொல்லிடுறேன்" என்றார் அப்பா. சொன்னால் இடம் போய்விடும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலை நான் சிலேட்டோடு கேட்டுக்கு வந்தபோது வாத்தியார் சைக்கிளில் வந்தார். தினமும் அந்த வழியாகத்தான் போவாராம். அப்பா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார். ஆனால் வாத்தியார் முந்திக்கொண்டார்.

"கேட்டுக்காரர், இந்தப் பொடியனை ஒரு கண் பாத்துக்கொள்ளும். தகப்பன் இல்லாத பிள்ளை. தண்டவாளம் கடந்து வரவேணும்."

அப்பா நின்றுவிட்டார்.

"சரிங்கய்யா" என்றார்.

வாத்தியார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். எனக்கு வாய் வரை "அப்பா" வந்தது. அவர் விரலை அழுத்தினார். விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். வாத்தியார் வருவார், நிற்பார், பார்ப்பார். அப்பா யாரோ வீட்டுப் பிள்ளையைப் போல என்னைக் கையைப் பிடித்துக் கடத்திவிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கு முன்னால் அப்பா என் கையைப் பிடித்து நடந்ததில்லை. சாயங்காலம் அம்மா கேட்பாள், "சொன்னீங்களா?" அப்பா, "நாளைக்கு" என்பார். ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விடுவார்.

ஒருநாள் காலை அம்மா கேட்பதை நிறுத்தினாள். தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அப்பாவின் கஞ்சித் தூக்கைக் கையில் எடுத்தாள். நெற்றியில் பொட்டு வைத்தாள், அது வரை நான் பார்க்காத பெரிய பொட்டு. என்னோடு கேட்டுக்கு வந்தாள்.

கேட்டு அடைத்திருந்தது. கிள்ளான் ரயில் வருகிற நேரம். வாத்தியார் சைக்கிளோடு நின்றிருந்தார். எங்கேயும் போக முடியாது. அம்மா அவருக்கு முன்னால் வந்து நின்று தூக்கை என் கையில் கொடுத்தாள். சத்தமாகவே சொன்னாள்.

"கொண்டுபோயி ஒங்கப்பாகிட்டக் குடு."

வாத்தியாரையும் அப்பாவையும் தவிர அந்த இடத்தில் இன்னொரு ஆம்பளை இல்லை. நான் வாத்தியாரைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன். தூக்கு கனமாக இருந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்பா, கஞ்சி" என்றேன்.

அப்பா தூக்கைக் கீழே வைத்தார். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரத் துரை டிராலியில் வரும்போதுகூட அவர் அதை அவிழ்த்து நான் பார்த்ததில்லை. வாத்தியார் பக்கத்தில் போய் ஏதோ சொன்னார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருடைய வாயும் அசைந்தது மட்டும் தெரிந்தது.

பேசியது என்ன என்று வெகு காலம் கழித்து அப்பா சொன்னார். அப்போது நான் நாலாவது வரை படித்து முடித்து, ரயில்வே சாமான் கொட்டகையில் மூட்டை நிறுக்கிற வேலைக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. தகரக் கூரை. ஒழுகும். ஆனாலும் கூரை.

அப்பா சொன்னது இது: "தப்பு எங்க பேர்லதாங்கய்யா. எடத்த அப்பன் இல்லாத புள்ளைக்குக் குடுத்துருங்க. இவன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்."

வாத்தியார் சொன்னது இது: "நீர் கடத்திவிட்ட முதல் நாளே நான் கண்டுபிடிச்சிட்டன். வேற ஆக்கள் கையை நீட்டினா பிள்ளை ஒருக்கா நிமிர்ந்து முகத்தைப் பாக்கும். இவன் பாக்காமலே கையைத் தாறான். அரக்கின பொடியன்களைத் திருப்பி அரக்கச் சொல்ல ஏலாது. கேட்டைத் திறவும், நேரமாச்சு."

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. ரயில் போனது. வாத்தியார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா கேட்டைத் திறந்துவிட்டு, "போ" என்றார்.

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

தனியாகத்தான் கடந்தேன். அப்பா பிழைத்துவிட்டார், அதனால் இடம் போய்விட்டது என்பது என் கணக்கு. சிலேட்டையும் குச்சியையும் எடுத்துவர மட்டும் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். சிலேட்டு என் கையில்தான் இருந்தது, அது உறைக்கவில்லை. பெஞ்சியின் ஓரத்தில் எழுந்து ஓடுவதற்குத் தோதாக அரைப் பக்கம் உட்கார்ந்தேன்.

வாத்தியார் காலையில் பெஞ்சி பெஞ்சியாக ஆட்களை எண்ணுவார். இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான், ஆனால் வாய்க்குள் எண்ணுவது தமிழில். ஒவ்வொரு தலையிலும் விரலை வைத்து வருவார். எங்கள் பெஞ்சிக்கு வந்தார். அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பக்கத்துப் பையன் தலையில் விரல் வந்தபோது ஆறு. நான் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.

முள் முளைத்த என் மொட்டையில் விரலை வைத்து, எழாதபடி கொஞ்சம் அழுத்தினார்.

ஏழு.