ஊதா வராத சக்கரம்

எழுபதுகளின் நடுவில், சித்திரபுரத்துத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து மலையிறங்கி எலப்புள்ளியில் ஒரு விவசாயி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பாலக்காட்டில் டிராயிங் படிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். "பரீட்ச ஒரு தடவ எழுது. தவறுனா மேல வந்துரு, மருந்தடிக்க ஆள் கேக்காங்க" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார்.

பரீட்சையில் வர்ணச் சக்கரம் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும் கையில் இருக்கும். ஆரஞ்சு, பச்சை, ஊதாவைக் கலந்து எடுக்க வேண்டும். கடையில் இரண்டு சிவப்பு காட்டினார்கள். ஒன்று குங்கும நிறம், மற்றது கொஞ்சம் கறுத்தது. குங்குமம்தானே சிவப்பு என்று அதை வாங்கி வந்தேன்.

ஆரஞ்சு வந்தது. கொழுந்துப் பச்சையும் வந்தது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊதா மட்டும் சேறாகவே நின்றது. வகுப்பில் கேட்கலாம்தான். வாய் திறந்தால் ஒருவன் "எந்தா பாண்டி?" என்று தமிழனைக் கேலி செய்வான், எல்லோரும் சிரிப்பார்கள். கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு, வீட்டுக்கார அக்கா கிணற்றடியில் கத்தினார். நீலம் போட்ட வாளியில் புதுச் சேலை விழுந்து, சாயம் இறங்கி, அவர் வீட்டுக்காரரின் வேட்டி ஊதாவாகியிருந்தது. ஓடிப்போய் வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.

"அக்கா, இந்தச் சேலை என்ன சிவப்பு?"

"அரக்குங்க. ஏனுங் தம்பி, வேட்டி போச்சேன்னு நான் நிக்கறேன், நீங்க சேலைக்கு நெறம் கேக்கறீங்களே!"

அப்போதுதான் பிடிபட்டது. குங்குமச் சிவப்புக்குள் மஞ்சள் இருக்கிறது. நீலத்தோடு சேர்ந்தால் மூன்றும் கலந்து சேறுதான் ஆகும். நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பு வேண்டும்.

மறுநாள் அந்தக் கறுத்த சிவப்பை வாங்கிக் கலக்கினேன். "வந்துருச்சு!" என்று உரக்கச் சொன்னேன். அறையில் யாரும் இல்லை.

பரீட்சையில் தேறினேன். லயத்துக்குப் போய்ச் சொன்னேன். என்ன வரைந்தாய் என்று அப்பா கேட்டார். சக்கரத்தைச் சொன்னேன்.

"ஏலே, செவப்பையும் நீலத்தையும் கலக்குனதுக்கா பாஸ் போட்டாங்க?"

சிவப்பில் இரண்டு உண்டு என்று ஆரம்பித்தேன். அதற்குள் வேலைச் சங்கு ஊதிவிட்டது. "நல்லாருடே" என்று என் தோளைத் தட்டிவிட்டு, கம்பளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.