சம்ப்பில் அளந்த ஆழம்

கடலே இல்லாத பெங்களூர் வைட்ஃபீல்டில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகுக்குக் கருவி அமைத்தேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். தம்பி இரண்டு நண்பர்களோடு சேர்ந்து மங்களூர்ப் பக்கம் ஒரு பழைய படகை வாங்கியிருந்தான். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள். "நீ பாத்து செட் பண்ணிக் குடுத்தா எனக்குக் கவலையே இல்லக்கா" என்று அவன் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கருவியின் திரையை வாங்குவதற்கே மூன்று வாரம் சண்டை போட்டோம். அவனுக்குப் பெரிய திரை வேண்டும். எனக்கு வெயிலில் எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். நான்தான் ஜெயித்தேன். கடல் வரைபடம், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையிலேயே இணைத்துப் பார்த்தாயிற்று. ஆழம் காட்டும் சென்சாரை மேஜையில் எப்படிச் சோதிப்பது? அபார்ட்மெண்டில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே அதைத் தொங்கவிட்டேன்.

"மீனு இதெயா மேடம்?" என்று, மீன் இருக்கிறதா என வாட்ச்மேன் கன்னடத்தில் கிண்டலடித்தார். தண்ணீர் லாரிக்குச் சொல்வதற்கு முன் அவர் வழக்கமாகத் தண்ணீர் அளக்கும் குச்சி எட்டடி காட்டியது. திரையில் ஆறரை. டெஸ்டரான எனக்கு அது 'பக்', திருத்த வேண்டிய பிழை. ஒன்றரை அடியைக் கூட்டி, குச்சியையும் திரையையும் ஒன்றாக்கி, ரிப்போர்ட்டில் பாஸ் என்று போட்டேன். படகிலும் சென்சார் ஏறக்குறைய அதே ஆழத்தில்தான் உட்கார்ந்தது. அதனால் எதையும் மாற்றவில்லை.

"டெஸ்ட் பண்ணியாச்சுடா, தைரியமா போ" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தான். ஆற்று முகத்துவாரத்தில் படகு மணல்திட்டில் மோதிச் சாய்ந்துவிட்டது. மீன்பிடிப் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். நண்பன் ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

"ஸ்கிரீன்ல ஆறடி இருந்துச்சுக்கா. கீலுக்குக் கீழ ஆறடி தண்ணி இருக்கேன்னுதான் உள்ள விட்டேன்."

கீல் என்பது படகின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் கனத்த பாகம். அவன் ஓட்டிப் பழகிய படகுகளில் எல்லாம் அதற்குக் கீழே மிச்சமிருக்கும் தண்ணீரைத்தான் திரை காட்டும். நான் வைத்ததோ, சம்ப் குச்சி மாதிரி, தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து தரைவரைக்குமான கணக்கு. அதை அவனிடம் சொல்லவே இல்லை. அந்தப் படகின் கீல் ஐந்தடி இறங்கும். அவனுக்கு மிச்சமிருந்தது ஓரடி. அலை தாழ்ந்தால் அதுவும் கிடையாது.

"நான்தான் நம்பரத் தப்பா பாத்துட்டனா?" என்று கேட்டான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். "வெயில்ல ஸ்கிரீன் சரியாத் தெரிஞ்சிருக்காதுடா" என்றேன். வெயிலில் தெரிய வேண்டும் என்று மூன்று வாரம் சண்டை போட்டு வாங்கியவள் நான்.

அதற்குப் பிறகு அவன் சுக்கானைத் தொடவில்லை. படகில் இருந்த பங்கையும் நண்பர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டான்.

போன மாதம் சாப்பிட வந்திருந்தான். கண் டாக்டரிடம் போய்விட்டு நேராக இங்கே வந்ததாகச் சொன்னான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம்க்கா."

"இன்னும் கொஞ்சம் சோறு வச்சுக்கோடா" என்றேன்.