பாதியில் நின்ற எட்டு முடிச்சு

ஒரகடம் பக்கம் சிமினி, டேங்க், ஷெட் கூரை என்று நான் கயிற்றில் தொங்காத உயரம் கிடையாது. படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் நான் தலையாட்டாமல் எந்த இஞ்சினியரும் தன் ஆளை மேலே ஏற்றியதில்லை. முப்பது வருஷ வேலையில் என் உடம்பில் ஒரு தையல்கூட விழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையே அப்படித்தான் இருக்கிறது.

வேலையை விட்ட பிறகு ஒரு கம்பெனியில் கூப்பிட்டு, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மூன்று மாடி உயரத்தில் ஒரு பாறை. வந்தது பத்துப் பேர். எல்லாரும் ஒன்பதாவது, பத்தாவது.

1. மாஸ்டர் வைத்த கண்ணி

முதல் பாடம் ஏறுவது இல்லை, பார்ப்பது. ஏறுகிறவர் இடுப்பில் பக்கிள் போட்டு இறுக்கிய வார்ப்பட்டை, அதுதான் ஹார்னஸ். அதில் கயிற்றை எட்டு முடிச்சாக, அதாவது 8 வடிவத்தில் இரட்டையாகக் கட்ட வேண்டும். கயிறு மேலே கொக்கியில் புகுந்து கீழே நிற்பவர் கைக்கு வரும். அவர்தான் பிலேயர். ஏறுகிறவர் வழுக்கினால் கயிற்றை இறுக்கி அந்தரத்தில் நிறுத்துவது அவர் வேலை. ஒருவர் பக்கிளையும் முடிச்சையும் மற்றவர் தொட்டுப் பார்த்து, பிலேயர் "ஏறு" என்று சொன்ன பிறகுதான் பாறையில் கால் வைக்கலாம்.

சொன்னால் சும்மா தலையாட்டுவார்கள் என்று தெரியும். அதனால் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தேன். ஹெல்மெட் வாரைப் போடாமல் நின்றேன். அஸ்வின் என்ற வாலு பிடித்துவிட்டான்.

"மாஸ்டர், ஸ்ட்ராப் தொங்கினு கீது!"

"சபாஷ்டா! உங்களுக்கு வெச்ச டெஸ்ட் அது. ஒரே டெஸ்ட்தான், முடிஞ்சிடுச்சு. இப்ப மாஸ்டர் ஏறுற அழகப் பாருங்க."

2. லைன் ஸ்டாப்

முடிச்சுப் போட்டுக்கொண்டே மழையில் சிமினி ஏறிய கதையை எடுத்துவிட்டேன். கதை சூடு பிடித்தபோது கயிறும் இடுப்புக்கு வந்துவிட்டது. பாறையில் கை வைத்தேன். கீழே பிலேயர் தேவிகா, பத்தாவது படிக்கிற பெண்; அவள் அப்பாவுக்குக் கார்களைப் பூட்டும் ஃபாக்டரி லைனில் வேலை. அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடிக்க இன்னும் இரண்டு பேர்.

"ஏறுன்னு சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன் மாஸ்டர்."

"இன்னாம்மா, என் வெயிட்டப் பாத்து மிரண்டுட்டியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பா லைன்ல, தப்புன்னு தெரிஞ்சா புதுசா சேர்ந்தவங்ககூட அங்க தொங்குற கயித்த இழுத்து மொத்த லைனையும் நிறுத்தலாம். சரி பண்ணாத்தான் மறுபடி ஓடும். மேனேஜரே வந்தாலும் அதான். நான் நிறுத்திட்டேன். உங்க முடிச்சப் பாருங்க."

தொப்பையை உள்ளே இழுத்துக் குனிந்தேன். முதல் எட்டு இருந்தது. நுனி ஹார்னஸில் புகுந்து வெளியே வந்திருந்தது. வந்த வழியே எட்டுக்குள் திரும்பிப் போய் இரட்டையாக வேண்டியது, போகாமல் சும்மா தொங்கியது. மேலே போய் என் கனத்தைக் கொடுத்திருந்தால் கயிறு உருவிக்கொண்டிருக்கும். நான் நேரே கீழே.

வாய் மட்டும் தன் வேலையை விடவில்லை. "சபாஷ்! இதுவும் டெஸ்ட்தான்!"

எல்லாரும் கை தட்டினார்கள். தேவிகா தட்டவில்லை.

"ஒரே டெஸ்ட்டுன்னீங்களே மாஸ்டர்."

முடிச்சை முழுசாக்கினேன். அவள் கிட்டே வந்து, விரலால் தடவித் தடவிப் பார்த்து, திரும்பிப் போய் நின்று "ஏறு" என்றாள். ஏறினேன். இறங்கி வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டாவது டெஸ்ட் இல்ல. நெஜமாவே மறந்துட்டேன். இந்தப் பொண்ணு நிறுத்தலைன்னா இந்நேரம் எனக்கு ஆம்புலன்ஸ்."

அஸ்வின் கேட்டான்: "அப்ப ஹெல்மெட்டு?"

"அது டெஸ்ட்டுடா."

"சர்தான் மாஸ்டர்."

பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்றுவரை ஒருத்தரும் நம்பவில்லை.

முப்பது வருஷமாக அடுத்தவன் முடிச்சைத்தான் பார்த்தேன். என்னுடையதைத் தொட எவனையும் விட்டதில்லை. நான் தெரிந்துகொண்டது அதுதான். பொய்த் தப்பு வைப்பதை அன்றோடு நிறுத்தினேன். இப்போது "என் முடிச்ச யாரு பாக்கப் போறீங்க?" என்றால் பத்துக் கையும் உயர்கிறது. பத்துப் பேரும் வந்து இழுத்துப் பார்க்கிறார்கள். இத்தனை பேர் சோதித்த முடிச்சோடு ஏறுகிற ஆள் ஒரகடம் வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான்.