மர்சலின் மிஸ்ஸின் தெர்மாகோல் இதயம்

சாந்தோம் கடற்கரை ஓரத்துப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அறிவியல் நடத்தும் மர்சலின் மிஸ்ஸுக்கு வயிற்றெரிச்சல். மாத்திரை போட்டால் ஆறுகிற எரிச்சல் இல்லை. பக்கத்து வகுப்பு அன்புச்செல்வியைப் பார்த்து வந்த எரிச்சல்.

அன்புச்செல்வி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் சந்தேகம் கேட்டால், "எனக்கும் தெரியல, செஞ்சு பாப்போமா?" என்பாள். தெரியாது என்று சொல்ல ஒரு டீச்சரா? மர்சலினுக்குத் தெரியாத கேள்வியே ஏழாம் வகுப்பில் கிடையாது. ஆனால் அவள் வகுப்பின் கெட்டிக்காரி முத்துமாரி, பாடத்தின் நடுவே எட்டி எட்டிப் பார்த்தது அடுத்த அறையைத்தான். அங்கே குப்பத்துப் பிள்ளைகள் மரத்தூள், வைக்கோல், பழைய சேலை எல்லாம் கொண்டுவந்து மீனுக்கு ஐஸ் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். எதில் வைத்தால் ஐஸ் சீக்கிரம் கரையாது என்று ஓயாத சண்டை. தரையெல்லாம் தண்ணீர். முத்துமாரியும் மனசால் அந்தப் பக்கம் போய்விட்டாளோ என்று மர்சலினுக்குப் பயம் வந்தது.

ஆண்டுக் கண்காட்சியில் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவினாள். நாலு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு உட்கார்ந்து தெர்மாகோலில் ஒரு இதயம் செதுக்கினாள். வண்ணம் பூசி, மீன் தொட்டி மோட்டார் வைத்து, குழாயில் சிவப்புத் தண்ணீர் ஓடவிட்டாள். பிள்ளைகளைத் தொடவிடவில்லை, கை பட்டால் பிய்ந்துவிடும். விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து, அட்டையில் முத்துமாரியின் பெயரை எழுதினாள்.

கண்காட்சியன்று நடுவர், "இந்தக் குழாயை அடைச்சா என்னம்மா ஆகும்?" என்றார். முத்துமாரி மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். பதிலை மர்சலினே சொன்னாள்.

அடுத்த மேசையில், "மரத்தூள் நனைஞ்சா என்ன ஆகும்?" என்றார் அவர். "இருங்க சார், பாத்துடலாம்" என்று ஒருத்தன் ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்தான். அன்புச்செல்வி எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் தேடக்கூட இல்லை. பொறாமையில் மர்சலினுக்குக் கண் கரித்தது.

ஆனாலும் முதல் பரிசு இதயத்துக்கே. கச்சிதமாக இருந்ததாம். மேடையேறிக் கோப்பை வாங்கிய முத்துமாரி, நேரே வந்து அதை மர்சலினிடம் நீட்டினாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மாகிட்ட காட்டுடி."

"நான் இன்னா மிஸ் பண்ணேன்? எல்லாம் நீங்கதான பண்ணீங்க. நீங்களே வெச்சுக்கங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டு ஐஸ் பெட்டி மேசைக்கு ஓடினாள், மிச்ச ஐஸ் கரைவதற்குள்.