வசந்தா அக்கா கையெழுத்திடாத வீடு

வசந்தா அக்கா இறந்த செய்தி வந்தபோது நீடாமங்கலத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் பிறகு அந்த இடத்தில் ஒழுகும். முடித்துவிட்டே வலங்கைமானுக்குக் கிளம்பினேன். அதற்குள் எடுத்துவிட்டார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அக்கா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அவரோடு பழகிய நீங்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னிடம் அவர் பொறுமையாக இருந்ததில்லை. போர் முடிந்த பின் இலங்கையில், வன்னிப் பக்கம், வீடிழந்த குடும்பங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்ள உதவும் வேலையில் இரண்டு வருடம் சேர்ந்து இருந்தோம். நான் அப்போதுதான் படித்து முடித்த சிவில் இன்ஜினியர். குடும்பங்களோடு பேசுவது அவர் வேலை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் அதைத்தான் செய்திருந்தார்.

“அங்க வரிசையா கட்டி சாவியக் குடுத்தோம் தம்பி. வலைய எங்க வைப்பீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. இங்கயாவது கேளுங்க” என்றார் முதல் நாளே.

“எனக்கு அளவு சொன்னா போதும்க்கா.”

“டேப்பக் கொஞ்சம் கீழ வைங்க. அது ஓடிப்போயிடாது.”

புஷ்பம் என்ற தாயின் வீட்டில் குண்டு விழுந்து, பழைய அஸ்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. போரின் கடைசி நாட்களில் பிடித்துச் செல்லப்பட்ட மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதே இடத்தில்தான் வீடு வேண்டும் என்றார். “வேற இடத்தில கட்டினா, அவன் வந்து வெறுங்காணியப் பாத்திட்டுத் திரும்பிப் போயிடுவான் தம்பி.”

மழையில் ஊறிய கறுப்பு மண். எங்கள் ஊர் வயல் மண் போலவே இருந்தது. கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், சுவரைப் பிளக்கும். குழி தோண்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். நான் தோண்டவில்லை. காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவனுக்குக் களிமண்ணை அடையாளம் காட்ட வேண்டுமா?

“நாளைக்கு ஒரு குழி போட்டுப் பாத்துடலாமே” என்றார் அக்கா.

“மழை இறங்குதுக்கா. நேரமில்ல.”

காணியின் மறுகோடியில், பின்தெருப் பக்கம், செம்மண் தெரிந்த மேட்டில் இடம் குறித்தேன். வீடு நல்லபடியாகவே எழும்பியது. புஷ்பம் அம்மா அதைப் பூட்டிவிட்டு, பழைய அஸ்திவாரத்தின் மேல் தார்ப்பாய்க் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். ‘குடியேறிவிட்டார்’ என்ற படிவத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். நான் போட்டேன். அக்கா பேனாவைத் தொடவில்லை.

“வீடு நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“உங்க வீடு நல்லாருக்கு தம்பி. அவங்க வீடு எங்க?”

என் ஒரு கையெழுத்தோடு அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் கொட்டகைக்குப் பக்கத்தில் கழிப்பறைக்குக் குழி தோண்டினோம். ஒன்றரை அடிதான் கறுப்பு மண். அதன் கீழே கெட்டிச் செம்மண் சரளை. கடப்பாரை துள்ளியது. அக்கா குழியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“போயி சொல்லுங்க.”

“சொல்லி என்ன ஆகப்போவுது? இன்னொரு வீடா கட்ட முடியும்?”

“அவங்க கேட்டது சரிதான்னாவது தெரியட்டும்.”

நான் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகும் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். போன மாதம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க, அதையேதான் கேட்டார். “புஷ்பம் அம்மாட்ட பேசுனீங்களா?”

“பேசுறேன்க்கா.”

“நான் இருக்கறப்பவே பேசிடுங்க. அப்புறம் உங்களக் கேக்க ஆளிருக்காது.”

காரியம் முடிந்த மறுநாள், புஷ்பம் அம்மாவுக்கென்று குறித்து வைத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பக்கத்துக் காணிப் பெண் எடுத்தார். புஷ்பம் அம்மா போன மாரியிலேயே இறந்துவிட்டாராம். “அந்த வீட்டில ஒருநாளும் படுக்கேல்ல தம்பி. கொட்டில்லதான் கிடந்தவ.” மகன் வரவில்லை.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் படிவத்தின் நகல்தான். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. அதற்கு மேலே காலி இடம். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் போய்விட்டார்; சொன்னீங்களா என்று கேட்டவரும் போய்விட்டார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். அது கெட்டி மண். அங்கேயே கட்டியிருக்கலாம்.